பழசு, ஆன்டிக், எச்சம்

போகிக்கு எரித்தது போக வீட்டில் கழித்த மற்றதெல்லாம் இரண்டு மூன்று நாளில் காயலான் கடைக்கு வந்து சேரும். பழம்பொருள் பார்க்கத் தை முதல் வாரம்தான் தோது. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஐந்து நாள். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பெயருக்குத் தக்கபடி அதன் கதியும் மாறுகிறது.

தை 4, வெள்ளி. அரிக்கமேடு

காலை 7 மணிக்கும் பனி விலகவில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே 4 கி.மீ. போனால் அரியாங்குப்பம். அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் சேர்த்து 45 ரூபாய். வடகறி கேட்காமலே ஊற்றினார்கள். காக்காயன்தோப்புக்கு ஆட்டோ 120 கேட்டு 100-க்கு இறங்கியது. "அரிக்கமேடா? அங்க ஒண்ணுமே இல்லியே சார், தோப்புதான்" என்றார் ஓட்டுநர்.

ரோமோடு வணிகம் செய்த பழைய துறைமுகம் என்று பெயர், ஆனாலும் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. மா, தென்னை, பக்கத்தில் அரியாங்குப்பத்து ஆறு. கண்ணுக்கு எதிரே நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியது என்று நினைத்து வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். 2,000 வருடத்துச் சமாச்சாரம் காலுக்கு அடியில் இருக்கிறது. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடுவதுதான் முறை. திறந்து விட்டால் முதல் மழையில் செங்கல் ஊறும், இரண்டாவது மழையில் உதிரும், அதற்குள் பாதியை யாராவது வண்டியில் ஏற்றியிருப்பார்கள். இங்கே அப்படித்தான் நடந்திருக்கிறது. பழைய சுவர்களின் செங்கலை ஊரார் பல தலைமுறையாகப் பெயர்த்துக் கொண்டுபோனதால், தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது பல இடத்தில் சுவர் கிடைக்கவில்லை, சுவர் இருந்த பள்ளம்தான் கிடைத்தது.

இந்த மேட்டைப் பற்றி முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர் ல ஜாந்தீல் என்ற வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர். 1769 ஜூனில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மறைத்துவிட்டது. வானத்தில் கிடைக்காதவருக்கு மண்ணில் இது கிடைத்தது. பிறகு 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இதன் அருமையைக் கண்டுகொண்டார். 1945-ல் மார்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று அகழ்வாய்வு தொடர்ந்தது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேட்டில் வரும் 'பொதுகே' இதுதான் என்றார் வீலர். அது 'புது' என்பதன் திரிபு என்றால், இருப்பதிலேயே பழைய இடத்துக்குப் புது என்று பெயர்.

இந்த மாதிரி இடத்தில் தரையில் கிடக்கும் ஓடுகளைப் பிரித்துப் பார்க்க நான்கு அடையாளம் போதும்.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் கருப்பு-சிவப்புப் பானை. வாயைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்குவார்கள். உள்ளே காற்று புகாததால் கறுக்கும், வெளியே தீயும் காற்றும் பட்டுச் சிவக்கும். விரல் தடிமனில் சொரசொரவென்று இருந்தால் ஆம்போராவாக இருக்கலாம். வைன், ஆலிவ் எண்ணெய், மீன் சாறு இவற்றை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருகாதுச் சாடி அது. அடிப்பக்கம் கூராக முடியும், தரையில் நிற்காது, கப்பலில் ஒன்றன் இடுக்கில் ஒன்றைச் செருகி அடுக்க அதுதான் வசதி. ஓட்டின் உடைந்த விளிம்பில் கரிய மணல் துகள் மின்னினால் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து மண். வழவழவென்று பவளச் சிவப்பில், சில சமயம் அடியில் குயவர் முத்திரையோடு இருப்பது இத்தாலியின் அரெட்சோ ஊர் வகை, அரிட்டைன். வீலர் காலத்தைக் கணித்தது இதை வைத்துத்தான்.

நாலாவதுதான் வேடிக்கை. ரௌலட்டட் என்பார்கள். மெல்லிய சாம்பல்-கறுப்புத் தட்டு, உட்புறம் அடியில் வட்டம் வட்டமாகப் பொடிப்பொடிப் புள்ளி வரிசை. சக்கரத்தில் சுழலும்போதே பல்வைத்த உருளையை அழுத்தியோ, வளையும் தகட்டைத் துள்ளவிட்டோ போட்ட கோலம். இதையும் வீலர் ரோமச் சரக்கு என்றே நினைத்தார். பிற்பாடு களிமண்ணைச் சோதித்ததில் இந்திய மண் என்று தெரிந்தது. பாணி அயலிலிருந்து வந்திருக்கலாம், பானை உள்ளூர்.

எடுத்துப் பார்த்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம், சில்லு ஒன்றானாலும் பையில் போடக் கூடாது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், எந்த ஆழத்தில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் ஓட்டாஞ்சில்லு. அந்தச் சொல்லும் லேசுப்பட்டதில்லை. ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த ஆட்டக்காய்கள் தமிழ்நாட்டு அகழ்வாய்வுகளில் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் 'வட்டச்சில்லு' என்று பதிவேட்டில் எழுதுவார்கள்.

மதியம் வீராம்பட்டினத்தில் சங்கரா மீன் குழம்புச் சோறு, 110 ரூபாய். கரண்டியோடு வந்த அம்மா இலையைப் பார்த்துவிட்டு, "எச்சில் பண்ணாம சாப்புடுங்க, இன்னும் சோறு இருக்கு" என்றார். அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்த சொல் அங்கேயே இருந்தது.

எஞ்சு என்பது வினை. அஞ்சு, அச்சம் ஆகிறது. மிஞ்சு, மிச்சம் ஆகிறது. அதே வாய்ப்பாட்டில் எஞ்சு, எச்சம் ஆகிறது. நடுவில் உள்ள மெல்லின ஞகரம் வல்லினச் சகரமாக இரட்டிக்கிறது, அவ்வளவுதான். எச்சிலும் அதே குடும்பம், தின்றது போக எஞ்சியது. பறவையின் எச்சமும் அப்படியே. மிச்சத்துக்கும் எச்சத்துக்கும் நடுவே ஒரு நூல் வித்தியாசம் உண்டு. மிஞ்சு என்றால் தேவைக்கு மேல் இருப்பது, அதனால்தான் மிச்சம் பிடித்தான் என்றால் சேமித்தான் என்று பொருள். எஞ்சு என்றால் போனது போக நிற்பது. அரிக்கமேட்டில் மிச்சம் எதுவும் இல்லை, எச்சம் உண்டு.

தை 5, சனி. கடலூர்

இன்று ஆற்றுத் திருவிழா என்பதைக் கணக்கில் எடுக்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது குறிப்பு. புதுச்சேரி பஸ் தென்பெண்ணைப் பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. ஆல்பேட்டைக் கரை முழுக்கத் தலை. சுற்றுவட்டாரச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வந்திருந்தது. பாலத்தை நடந்தே தாண்ட முக்கால் மணி நேரம். தை 5 அன்று இந்தச் சாலையில் வருகிறவர்கள் காலை 8-க்குள் கடலூரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு வரலாம்.

வழியெல்லாம் சுருளிக்கிழங்கு, சிறுவள்ளிக்கிழங்கு. இந்தத் திருவிழாவுக்கு அதுதான் அடையாளம். வேகவைத்த சுருளி அரைக் கிலோ 40 ரூபாய். சூட்டோடு தோலை உரித்தால் கையோடு வரும், ஆறிவிட்டால் கிழங்கும் தோலோடு பிய்யும். கூட நடந்த ஒரு பெரியவர், "உப்பு கேட்டு வாங்குங்க தம்பி, அவுங்களா குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் கொடுத்தார்கள்.

கடலூர் பஸ்களில் 'ஓ.டி.' என்று எழுதியிருப்பது ஓல்டு டவுன். தமிழில் முதுநகர். பழைய நகர் என்று மொழிபெயர்க்காமல் முது என்று வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பழைய என்றால் கழித்துக்கட்டலாம் என்ற வாடை வருகிறது, முது என்றால் மரியாதை வந்துவிடுகிறது. முதுமொழி, முதுமக்கள் தாழி எல்லாம் அந்த வரிசை. பழசு என்று காயலான் கடையில் சொல்வதை யாரும் முதுசு என்று சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் பாட்டன் வழி வந்த சொத்துக்கு முதுசொம், பேச்சில் முதுசம். அங்குள்ள தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். இங்கே நாம் 'பாரம்பரியச் சின்னம்' என்று நீட்டி முழக்குவதை அவர்கள் நான்கு எழுத்தில் முடித்துவிடுகிறார்கள்.

தேவனாம்பட்டினத்துப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கியது. எல்லையை அளந்த விதம்தான் விசேஷம்: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு. அதனால் அவை குண்டு கிராமங்கள். பெரிய பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் 1752 வரை சோழமண்டலக் கரைக்கு இதுவே கம்பெனியின் தலைமையிடம்.

இப்போது போனால் கோட்டை என்று மனத்தில் வரைந்ததைக் கழற்றி வைத்துவிட வேண்டும். புதர், வேலிக்கருவை, செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக ஆங்காங்கே துண்டுச் சுவர். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார். அதற்குப் பதிலாக 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலம் என்று காட்டப்படும் கட்டடம் ஏறக்குறைய எல்லாமே 1761-க்குப் பிறகு எழுந்தது ஏன் என்பதற்கு விடை கடலூரில் இருக்கிறது.

செங்கல்லைப் பார்த்துக் காலத்தை உத்தேசமாகச் சொல்லலாம். சங்ககாலச் செங்கல் பெரிசு. கீழடியில் கிடைத்தது நீளம் 38, அகலம் 23, தடிமன் 6 செ.மீ. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ஐரோப்பியர் காலத்துக் கல் உள்ளங்கைக்கு அடங்குவது, காரை தடிமனாக இருக்கும். சிமென்ட் பூசியிருந்தால் யாரோ பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது அதைக் கொல்வதற்குச் சமம். சுண்ணாம்பு ஈரத்தை மூச்சு விடுவது போல வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும், உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல் மாவாகும். கடல் காற்றில் இன்னும் சீக்கிரம்.

தை 6, ஞாயிறு. சண்டே மார்க்கெட்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கடை. முக்கால்வாசி துணி, செருப்பு, பிளாஸ்டிக். பழம்பொருள் தேடுபவர்கள் ஓரத்தில் சாக்கு விரித்தவர்களைப் பார்க்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். "இன்னா சார் தேடற? பழசா, ஆன்டிக்கா?" என்று ஒருவர் கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "பழசு கிலோ கணக்கு, ஆன்டிக் பீஸ் கணக்கு" என்றார். இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஒரு பித்தளைப் படி. படி என்றால் இரண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. 800 கிராம் இருந்தது. பக்கத்துத் தெருப் பழைய இரும்புக் கடையில் பித்தளை கிலோ 420 என்றார்கள், அப்படியானால் 336 ரூபாய். அதே அளவுப் படிக்குக் கண்ணாடி அலமாரி வைத்த கடையில் 2,800 சீட்டு தொங்கியது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு, நடுவே 2,464 ரூபாய்.

ஆன்டிக் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆன்டே என்றால் 'முன்'. முன்னால் இருந்தது, அவ்வளவே. விண்டேஜ் என்பது கேமரா, கடிகாரம் எல்லாவற்றுக்கும் ஒட்டப்படுகிறது, அது திராட்சை அறுவடையைக் குறித்த சொல், வைன் எந்த வருடத்துப் பழத்தில் செய்தது என்பதைச் சொல்ல வந்தது. கியூரியோ, கியூரியாசிட்டியின் வால் வெட்டுப்பட்ட வடிவம். ஆர்ட்டிபாக்ட் கையால் செய்தது என்று மட்டும் சொல்லும், வயதைச் சொல்லாது. இவற்றில் எதிலுமே 'போனது போக நின்றது' என்ற நினைப்பு இல்லை. ரெலிக் என்பதில்தான் இருக்கிறது: விட்டுச் செல்வது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் எச்சத்துக்கு நேர் தாயாதி.

மரச்சாமான் கடைகளில் 'பிரெஞ்சுப் பீஸ்' என்ற பேச்சுக்கு மயங்காமல் பார்க்க வேண்டியவை இவை. முதலில் கவிழ்க்கச் சொல்ல வேண்டும். மேலே எல்லாரும் பாலீஷ் போடுவார்கள், அடிப்பலகைக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. அடியில் ரம்பத் தடம் வில் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், மில்லில் அறுத்தது. நேராக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் கைரம்பம். திருகாணியைக் கழற்றிப் பார்க்க விட்டால் நுனியைப் பார்க்கலாம். கூர் நுனித் திருகாணி 1840-களுக்குப் பிறகு வந்தது, அதற்கு முந்தியது மொட்டை. ஆனால் பழைய அலமாரிக்குப் புதுத் திருகாணியும் போட்டிருப்பார்கள், புது அலமாரிக்குப் பழைய திருகாணியும் தேடிப் போடுவார்கள். ஆணியை மட்டும் நம்பக் கூடாது.

வட்ட மேசை என்றால் டேப் எடுத்து இரண்டு திசையில் அளக்கலாம். மரம் ரேகையின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. நூறு வருட மேசை சரி வட்டமாக இருக்க முடியாது, குறுக்கே சில மில்லிமீட்டராவது குறையும். காம்பஸ் வைத்தது போல இருந்தால் சந்தேகம். பாலீஷைச் சோதிக்க, மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைக்க வேண்டும். அரக்கு பாலீஷ் என்றால் பிசுபிசுக்கும், இப்போதைய பிளாஸ்டிக் வகைப் பூச்சு அசையாது. தேயிலைக் கஷாயத்திலும் பெர்மாங்கனேட்டிலும் கறுக்க வைத்த மரத்தில் விளிம்பும் நடுவும் ஒரே நிறமாக இருக்கும். உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில்தான் இருக்கும்: இழுப்பறையின் கீழ் விளிம்பு, நாற்காலிக் கைப்பிடியின் நுனி, முன்காலின் குறுக்குச் சட்டம்.

பித்தளை, வெண்கலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பச்சைக் களிம்பு இரண்டு வகை. கருமையோடு கெட்டியாக ஒட்டியிருப்பது நல்லது, அது உலோகத்துக்குக் கவசம். வெளிர் பச்சையில் மாவு போலக் கொட்டுவது நோய். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே புகுந்து ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்றுகொண்டே போகும். கடற்கரை ஊரில் இது வேகம். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் இன்னும் கிளம்பும். புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கும், மேலிருந்த கவசமும் முத்திரையின் வரியும் சேர்ந்தே போகும். காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைப்பதே வீட்டில் செய்யக் கூடியது.

வாங்குகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1972-ஆம் வருடச் சட்டப்படி 100 வயதான பொருள் தொல்பொருள். சுவடி, ஆவணம் என்றால் 75. அதை விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சிலை, ஓவியம் போன்றவற்றைப் படத்தோடு பதிவு செய்ய வேண்டும். நிலத்தில் புதைந்து கிடைத்தது என்றால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம். 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை யாரும் திருத்தவில்லை, அதுவே ஒரு தொல்பொருள். ஆக 2,800 கேட்ட கடைக்காரர் 'நூறு வருசம் சார்' என்று அடித்துச் சொன்னால், உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். உடனே வயது 80-க்கு இறங்கிவிடும்.

தை 7, திங்கள். திருவக்கரை

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. கதவு வரை போய்த் திரும்பியாயிற்று. மற்றவர்களாவது செவ்வாய் வரட்டும்.

அதற்குப் பதில் 30 கி.மீ. தள்ளித் திருவக்கரை. பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியில்தான் கூட்டம், இன்று அமைதி. கேழ்வரகுக் கூழ், ஊறுகாய் மிளகாய், 25 ரூபாய். வெயில் 11 மணிக்கே சுட்டது.

இங்கே கல்மரப் பூங்கா. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறை ஏற்படுத்தியது. சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள், இந்தப் பாறைக்குப் பெயரே கடலூர் மணற்கல். மரம் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தது. கிளை, வேர், இலை எதுவும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதால் இந்த முடிவுக்கு வருகிறார்கள். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் புகுந்து இறுகியது. ஆண்டு வளையம், கணு, ரேகை எல்லாம் அப்படியே. தட்டினால் கல் ஓசை.

தமிழில் இதற்குத் தொல்லுயிர் எச்சம் என்கிறார்கள், புதைபடிவம் என்றும் எழுதுகிறார்கள். இந்த இடத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். எஞ்சியது என்றால் பொருள் எஞ்ச வேண்டும். இங்கே மரம் போய்விட்டது, வடிவம் படிந்து நிற்கிறது. அரிக்கமேட்டில் நேர்மாறு: மண்ணும் செங்கல்லும் அப்படியே இருக்கின்றன, ஊரின் வடிவம் போய்விட்டது. பொறுக்கக் கூடாது என்ற பலகை இங்கேயும் உண்டு. காவலுக்கு இருந்தவர் வெளியேறும்போது பையைத் திறக்கச் சொன்னார், கோபப்படாமல், "கோச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு.

தை 8, செவ்வாய். மிஷன் வீதி, அருங்காட்சியகம்

காலை 6.30. சம்பா கோயில். பழைய பேராலயம் 1761 இடிப்பில் போய், இப்போதைய கட்டடம் 1791-ல் முடிந்தது. கத்தோலிக்கர் புனிதரின் எலும்பு, உடை முதலியவற்றை அருளிக்கம் என்பார்கள், திருப்பண்டம் என்றும் வழக்கு. உடலின் பகுதி முதல் வகுப்பு, உடுத்தியது, பயன்படுத்தியது இரண்டாம் வகுப்பு, இவற்றைத் தொட்டது மூன்றாம் வகுப்பு. பௌத்தத்திலும் உடல், பயன்படுத்தியவை, நினைவுச் சின்னம் என்று மூன்று உண்டு. உடல் எச்சத்துக்குத் தாது என்று பெயர். தாதுகர்ப்பம்தான் சிங்களத்தில் தாகபவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கடைக்காரரின் கணக்கு இங்கே செல்லாது. அருளிக்கத்தைக் கிலோவுக்கும் விற்கக் கூடாது, பீஸுக்கும் விற்கக் கூடாது. திருச்சபைச் சட்டம் விற்பனையை அடியோடு தடுக்கிறது.

கடற்கரையில் ஒரு நடை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. இடம் மாறிய பொருள், பெயர் மாறாமல் தூணாகவே பிழைத்துக் கிடக்கிறது. தள்ளி நிற்கும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் சிலையின் தலையில் காக்கை எச்சம்.

வள்ளுவர் இந்தச் சொல்லைப் பல இடத்தில் வைத்திருக்கிறார். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்' என்ற 114-ஆம் குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று உரை சொன்னார். 238-ல் புகழே எச்சம். 1004-ல், யாராலும் விரும்பப்படாதவன் தன் எச்சம் என்று எதைத்தான் நினைப்பானோ என்று கேட்கிறார். ஆனால் புறநானூறு 28-ல் 'எண்பேர் எச்சம்' என்றால் பிறவிக் குறைகள். இலக்கணத்தில் இன்னொரு முகம்: 'வந்த', 'வந்து' இரண்டும் எச்சம், பெயரையோ வினையையோ கொண்டு முடியும்வரை வாக்கியம் நிற்காது. ஆக இந்தச் சொல்லுக்கு எஞ்சியது என்பதோடு முடியாதது, குறையுள்ளது என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. உடைந்த சாடியின் ஒரு காதுக்கு இதைவிடத் தோதான பெயர் இல்லை.

தொல்பொருள் என்பதில் உள்ள தொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தொல்லை என்றால் பழமை. தொல்லை வினை, தொல்லைப் பிறவி என்றால் பழைய வினை, பழைய பிறவி. அந்தப் பழைய வினைகள் விடாமல் துரத்தியதாலோ என்னவோ, இன்று தொல்லை என்றால் உபத்திரவம் மட்டும்தான்.

10 மணிக்கு அருங்காட்சியகம், பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில். துய்ப்ளேக்ஸ் கட்டிலுக்கும் பல்லக்குக்கும் முன்னால் கூட்டம் நிற்கும், அதைத் தாண்டி அரிக்கமேட்டு அலமாரிக்குப் போக வேண்டும். கண்ணாடி மணிகளுக்குக் குனிந்து பார்க்க வேண்டும், பல மணிகள் கடுகு, மிளகு அளவுதான். உருக்கிய கண்ணாடிக் கட்டிக்கு நடுவே காற்றுத் துளை வைத்து, முழம் முழமாகக் குழாயாக இழுப்பார்கள். ஆறியதும் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய முனை கூராக இருக்கும், நூலை அறுக்கும். அதனால் சாம்பலில் புரட்டி மறுபடி சூடேற்றுவார்கள். சூட்டில் முனை உருளும், துளைக்குள் புகுந்த சாம்பல் அது அடைபடாமல் காக்கும். சாம்பல் குறைந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறை நம் காலம் வரை பிழைத்திருக்கிறது. சூதுபவளம் போன்ற கல் மணிக்கு இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் இரண்டு துளையும் லேசாக விலகிச் சந்திக்கும் இடம் தெரியும். நேர்கோடாக ஒரே துளை போனால் அது இப்போதைய மெஷின்.

அடுத்த தட்டில் வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் மையில் சிறிய எண். எந்தக் குழி, எந்த அடுக்கு என்பது அந்த எண்ணில் இருக்கிறது. மை அழிந்தால் சில்லின் பாதி போயிற்று.

பக்கத்தில் நின்ற ஊழியர் குனிந்து பார்த்தார். "எங்க வீடு காக்காயன்தோப்புதான் சார். சின்னப் புள்ளைல பாண்டி ஆடறதுக்கு இதத்தான் பொறுக்குவோம். மழ பேஞ்சு விட்டா ஆளுக்கு ஒரு டவுசர் பாக்கெட் ரொம்பும்."

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று விளக்கை அணைத்துவிட்டார்கள்.